கழலாத போல்ட்டின் கணக்கு

மெக்கானிக் கடையில் 'பத்தாம் நம்பர்' என்று கேட்டால் கைக்கு வருவது, 10 மில்லிமீட்டர் அகலத் தலைக்கான ஸ்பேனர். அந்தத் தலைக்குக் கீழே இறங்கும் தண்டின் விட்டமோ 6 மில்லிமீட்டர்தான். (சில வண்டிகளில் இதே தண்டுக்கு எட்டாம் நம்பர் தலை இருக்கும்.) இன்ஜினின் பக்கவாட்டு மூடி, செயின் கவர் என்று மோட்டார் சைக்கிளில் எங்கே கை வைத்தாலும் இந்த அளவு போல்ட் தட்டுப்படும். இதை இறுக்கத் தயாரிப்பாளர்கள் சொல்லும் முறுக்கு விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று பொறித்த வழக்கமான எஃகு போல்ட்டின் தண்டு, முறுக்கில் அறுந்துபோகும் எல்லை சுமார் 13 நியூட்டன் மீட்டரில் தொடங்கிவிடுகிறது. 15 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோவைத் தூக்கும் பலத்தைக் காட்டினால் 15 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். அதாவது இந்தப் போல்ட்டை முறிக்கப் பயில்வான் வேண்டாம், பள்ளிக்கூடப் பையன் போதும்.

எனவே கழல மறுக்கும் போல்ட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு பலம் கொடுக்கலாம்' என்பதல்ல. இதைப் பிடித்து வைத்திருப்பது எது? உராய்வா, துருவா, அலுமினியத்தின் வெள்ளை மாவா, பசையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மருந்தை மாற்றிக் கொடுத்தால் தலை தனியாக, தண்டு தனியாகத்தான் வரும்.

முதலில், ஒழுங்கான போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கலாம். இறுகிய போல்ட் என்பது இழுத்து நீட்டிய ஸ்பிரிங். 10 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய 6 மில்லிமீட்டர் போல்ட், இரண்டு பாகங்களை ஏறக்குறைய 800 கிலோ எடைக்குச் சமமான விசையில் நெருக்கிப் பிடிக்கிறது. இதற்காக 30 மில்லிமீட்டர் நீளத் தண்டு நீள்வது சுமார் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். நாம் ஸ்பேனரில் கொடுத்த முறுக்கில் பத்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாகத்தான் இந்த நீட்டலுக்குப் போகிறது. ஏறத்தாழப் பாதியைத் தலையின் அடிப்பக்க உராய்வு தின்றுவிடும், மீதியை மரைகளுக்கு இடையிலுள்ள உராய்வு தின்னும். கழற்றும்போது நீட்டலில் சேமித்த பங்கு நம் கட்சிக்கு வந்துவிடுகிறது. நீண்டிருக்கும் தண்டு சுருங்கவே பார்க்கும், மரையின் சரிவில் அது நம்மோடு சேர்ந்து இறங்குகிறது. அதனால் இன்று இறுக்கிய போல்ட்டை இன்றே கழற்றினால், இறுக்கிய விசையில் முக்கால் பங்கே போதும்.

இந்த முக்கால் பங்கு முக்கியம். நான்கு மழைக்காலம் கடந்த பிறகு அதே போல்ட் இறுக்கிய முழு விசைக்கும் அசையவில்லை என்றால், போன தடவை பூட்டிய மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. இறுக்கம் கூடவில்லை, இடையில் வேறொன்று வந்து குடியேறியிருக்கிறது.

எஃகு நட்டு எஃகு ஸ்டட்டில் (தலையில்லாத மரைத் தண்டில்) இருந்தால், வந்தது துரு. இரும்பு துருவாகும்போது பழைய கன அளவில் நிற்பதில்லை, குறைந்தது இரண்டு மடங்காவது ஊதும். நீரேறிய துருவாக இருந்தால் இன்னும் அதிகம். மரைக்கும் மரைக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. அந்தச் சந்துக்குள் ஊதிய துரு எங்கே போகும்? இரண்டு பக்கச் சுவரையும் முட்டிக்கொண்டு ஆப்பாக நிற்கும். சைலன்சரை இன்ஜினோடு பிடிக்கும் ஸ்டட்டுகளில் இது உச்சத்துக்குப் போகிறது. தினமும் சுட்டு ஆறி, சூட்டோடு மழைத்தண்ணீர் பட்டு, முன்சக்கரம் அடிக்கிற சேற்றையும் வாங்கிக்கொள்ளும் இடம் அது. வண்டியில் எந்தப் போல்ட்டைக் கண்டு பயப்பட வேண்டும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன்.

எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் இருந்தால் கதை வேறு. இன்ஜினின் உடலும் மூடிகளும் அலுமினியக் கலவை. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர்: இது ஒரு மின்கலம். இதில் அரிபடுவது எஃகு அல்ல, அலுமினியம். அது தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காப்பாற்றும். கரைந்த அலுமினியம் வெள்ளை மாவாக மரைகளுக்குள் இறுகி நிற்கும். திருவொற்றியூரிலோ நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ ஓடும் வண்டிக்குக் கடற்காற்றே போதும், தனியாக உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இதில் ஏமாற்று என்னவென்றால், வெளியே தெரியும் போல்ட் தலை பளிச்சென்று இருக்கும். துருவைக் காணோமே என்று தைரியமாகத் திருகுவோம், தலை மட்டும் கையோடு வரும். தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ வெள்ளைப் பொடி தெரிந்தாலோ அதுதான் எச்சரிக்கை.

பளபளப்புக்காகக் கம்பெனி போல்ட்டுகளைத் தூக்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அழகுதான். ஆனால் கம்பெனி போல்ட்டின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு சும்மா வைத்ததல்ல. துத்தநாகமும் அலுமினியமும் மின்வேதியியலில் பக்கத்துப் பக்கத்து வீடு, சண்டை குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் இடையிலான வேறுபாடு சாதா எஃகைவிடக் கூடுதல். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தப் பளபளப்புக்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பசை. பிரேக் டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடிக்கும் போல்ட் போன்றவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே மரையில் பசை போட்டுத்தான் இறுக்குவார்கள். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய லாக்டைட் இந்த வகையில் முதல் பெரிய பெயர். இந்தப் பசையின் குணம் விசித்திரமானது. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைக்குள் போய்க் காற்று அற்று, உலோகமும் தொட்டால்தான் கெட்டிப்படும். நீல நிறத்தில் வருவது சாதாரண ஸ்பேனருக்கு மசியும். சிவப்பு மசியாது, சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால்தான் இளகும்.

அதே 1953-ல் அமெரிக்காவின் இன்னொரு கோடியில், சான் டியாகோவில், ராக்கெட் கெமிக்கல் என்ற சிறு கம்பெனி டபிள்யூடி-40 தயாரித்தது. கழல விடாத பொருளும், கழற்றுவதற்கென்று நாம் முதலில் தேடும் பொருளும் ஒரே ஆண்டில் பிறந்தவை! ஆனால் டபிள்யூடி-40 போல்ட் கழற்றப் பிறந்ததல்ல. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் ஈரத்தை விரட்டுவதற்காக வந்தது. பெயரிலுள்ள இரண்டு எழுத்தும் தண்ணீரை விலக்குவதைத்தான் குறிக்கின்றன, 40 என்பது நாற்பதாவது முயற்சியில் பலித்த கலவை. போல்ட்டுக்கும் அது ஓரளவு உதவும். அதற்கென்றே செய்த ஊடுருவும் எண்ணெய்கள் கூடுதலாக உதவும். நம் ஊர்ப் பட்டறைகளில் காலங்காலமாக ஊற்றும் டீசலும் மண்ணெண்ணெயும்கூட ஒன்றும் மோசமில்லை.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே பெரிய விஷயம். நுண்ணிய சந்துக்குள் திரவம் தானாக ஏறுவது நுண்புழை ஈர்ப்பால். அதன் வேகத்துக்கு எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-ல் ஒரு சமன்பாடு எழுதினார். அதன்படி திரவம் போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். முதல் 5 மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், 20 மில்லிமீட்டருக்கு 16 மணி நேரம். ஸ்ப்ரே அடித்துவிட்டு டீ குடித்து வந்து ஸ்பேனரைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மரைகளைத்தான் நனைத்திருப்பார்கள். இரவே ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் தொடுவதில் இருப்பது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. சந்து திறந்திருந்தால்தானே எண்ணெய் ஏறும்? துரு அதை முழுக்க அடைத்துவிட்டால் எண்ணெய்க்கு வழியே இல்லை. இங்கேதான் சுத்தியல் வேலைக்கு வருகிறது. துரு, எஃகைப் போல வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். போல்ட் தலையின் மேல் நேராக, உலோகத்துக்கு உலோகம் அதிர்கிற மாதிரி நாலு தட்டுத் தட்டினால், எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும், துரு நொறுங்கும். நொறுங்கிய விரிசல்களில் எண்ணெய் இறங்கும். எண்ணெயும் தட்டலும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் பாதி வேலைதான்.

ஸ்பேனரை நிதானமாக அழுத்துவதற்கும் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நிதானமாக அழுத்தினால் அந்த முறுக்கு முழுவதையும் முதலில் வாங்குவது தலைக்குக் கீழேயுள்ள தண்டு. அது முறுக்கிக்கொண்டே போகும், ஆழத்திலுள்ள மரைகளுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் கழுத்தில் அறுந்துவிடும். அடியோ ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் பெரிய விசையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. உடையக்கூடியது உடைகிறது, உறுதியானது பிழைக்கிறது. அதிர்வுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. போல்ட்டுக்குக் குறுக்குவாக்கில் பாகங்கள் நகர்ந்து அசைந்தால், இறுகிய போல்ட்டும் தானே கழன்றுவிடும் என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் காட்டினார். ஒரு திசையில் சறுக்க ஆரம்பித்த பரப்பில் மற்றத் திசைகளிலும் உராய்வு நம்மைத் தடுப்பதில்லை. ஓடும் வண்டியில் நம்பர் பிளேட் போல்ட் காணாமல் போவதற்குக் காரணமான அதே இயற்பியலை, தட்டிக்கொண்டே திருகும்போது நாம் வேலைக்கு வைத்துக்கொள்கிறோம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் யமஹா ஆர்எக்ஸ் 100-இன் பக்கவாட்டு மூடியைக் கழற்றும் பட்டறைக்குப் போக வேண்டும். 1985-ல் வந்து, இன்றும் பித்துப்பிடித்தவர்களை விடாத வண்டி. அதன் மூடியில் இருப்பவை ஸ்டார் திருகுகள். புதிதாக வந்த பையன் ஸ்க்ரூடிரைவரைச் சொருகித் திருகுவான். கறகறவென்று ஒரு சத்தம் வரும், டிரைவர் குழியிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும், குழியின் ஓரம் வெள்ளையாக மழுங்கியிருக்கும். "டேய், கைய எடு. இன்னொரு சுத்து சுத்துன, அப்புறம் உளிதான்" என்று மூத்தவரின் குரல் வரும்.

பையன் மேல் முழுக் குற்றமும் இல்லை. அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1930-களில் பரப்பிய ஸ்டார் குழியின் சுவர்கள் சரிவானவை. முறுக்கு கூடினால் அந்தச் சரிவே டிரைவரை வெளியே தள்ளும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் இன்னொரு வம்பு: அவற்றின் ஸ்டார் திருகுகள் பல ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் அமைந்தவை, தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். பார்வைக்கு பிலிப்ஸ் போலவே இருந்தாலும் பிலிப்ஸ் டிரைவர் அதன் அடிவரை உட்காராது. மேலோட்டமாகப் பிடித்து, ஓரத்தைத் தின்றுவிட்டு நழுவும்.

மூத்தவர் எடுப்பது இம்பாக்ட் டிரைவர். தடித்த இரும்புக் குழாய் போன்ற பிடி, அதற்குள் சரிவான பள்ளங்கள். முனையைக் குழியில் வைத்து, பிடியைக் கழற்றும் திசையில் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் சுத்தியலால் ஒரே அடி. அடியின் ஒரு பங்கு முனையைக் குழிக்குள் அழுத்துகிறது, நழுவ வழியில்லை. மறு பங்கு அந்தச் சரிவுப் பள்ளத்தில் திரும்பி, சில டிகிரி சுழற்சியாகிறது. துருவுக்கு அதிர்ச்சி, குழிக்கு அழுத்தம், மரைக்கு முறுக்கு, மூன்றும் ஒரே கணத்தில். 'டக்' என்று திருகு கால் சுற்று நகர்ந்துவிட்டால், மீதியைக் கையாலேயே கழற்றலாம். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒரேயொரு விசேஷக் கருவி வாங்க நினைத்தால், என் ஓட்டு இதற்குத்தான்.

அறுகோணத் தலைகளுக்கும் மழுங்கும் அபாயம் உண்டு. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் மூலைகளில்தான் பிடிக்கும். ஆறு முனை பாக்ஸ் அகலமாகப் பக்கங்களைப் பிடிக்கும். அடம்பிடிக்கும் போல்ட்டுக்கு ஆறு முனைதான். பழைய புல்லட்டில் இது வேறு மாதிரி வம்பு. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய அந்த வண்டியில் பிரிட்டிஷ் மரைகளும் பிரிட்டிஷ் தலை அளவுகளும் இருந்தன. ஏறக்குறையப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுப் போட்டே மூலை உருண்ட நட்டுகள் அந்த வண்டிகளில் ஏராளம். திசையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடி இடது மரை. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

எண்ணெயும் அடியும் அலுமினிய மாவிடமும் சிவப்புப் பசையிடமும் பல நேரம் எடுபடாது. அங்கே வெப்பம் வேண்டும். ஊறுகாய் பாட்டிலின் தகர மூடியை வெந்நீரில் காட்டித் திறப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட அதிகமாக விரிய வேண்டும். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 8 மில்லிமீட்டர் எஃகு போல்ட் இருக்கும் அலுமினியப் பகுதியை 100 டிகிரி கூட்டினால், துளை 0.018 மில்லிமீட்டர் பெரிதாகும், போல்ட் 0.010 மட்டுமே பெருக்கும். மிச்சம் 0.008 மில்லிமீட்டர். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருந்தாலும், மாவின் பிடியைத் தளர்த்த அது பல நேரம் போதும். எஃகு ஸ்டட்டில் எஃகு நட்டு என்றால் இந்த அனுகூலம் கிடையாது, இரண்டும் ஒரே அளவு விரியும். அங்கே நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்கி, சூடு ஸ்டட்டுக்குள் இறங்குவதற்குள் திருகிவிட வேண்டும். சூடான மரையின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது பழைய ஃபிட்டர்களின் வித்தை. உருகிய மெழுகு சந்துக்குள் இழுபட்டு வழுக்கல் கொடுக்கும்.

எஃகு சூடேறுவது கண்ணுக்குத் தெரியும்: 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், 300-ஐ நெருங்கினால் நீலம், பிறகு சிவப்பு. அலுமினியம் எதையும் காட்டாது. நிறமே மாறாமல் 660 டிகிரி வாக்கில் உருகி ஒழுகிவிடும், இன்ஜினுக்கான கலவைகள் அதற்கும் முன்பே. கேஸ் வெல்டிங் டார்ச்சை இன்ஜின் மூடியில் காட்டுகிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பெட்ரோல் டேங்க்கையும் கார்புரேட்டரையும் முதலில் கழற்றி எட்ட வைப்பது. ஸ்ப்ரே எண்ணெய் அடித்த இடத்திலும் நெருப்பு காட்டக் கூடாது. அதுவும் எரியும்.

அப்படியானால் ஸ்பேனரை நீட்டிப் பலம் கூட்டும் பைப்பே வேண்டாமா? வேண்டும், தடித்த போல்ட்டுக்கு. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 6 மில்லிமீட்டரின் இரண்டு மடங்கான 12 மில்லிமீட்டர் போல்ட் எட்டு மடங்கு முறுக்கைத் தாங்கும். பின்சக்கர அச்சின் நட்டு, ஸ்விங் ஆர்ம் நட்டு போன்றவற்றில் ஸ்பேனரோடு பைப்பைச் செருகி நின்று மிதிக்கலாம். அவை அதற்குப் பிறந்தவை. எட்டாம் நம்பரிலும் பத்தாம் நம்பரிலும் பைப்பை நினைக்கவே கூடாது. அங்கே முதலில் ஒரு முடி அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, துருவின் பிடி விட்டதும் கழற்றும் பக்கம் கொஞ்சம், மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம் என்று எண்ணெய் விட்டுக்கொண்டே முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரேயடியாக ஒரு பக்கமே இழுத்தால் நொறுங்கிய துரு மரைகளுக்கிடையே குவிந்து மறுபடி ஆப்பாகிவிடும்.

இத்தனையும் செய்து முறிந்தால்? தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வதுதான் சிறந்த வழி. புதிய தலை கிடைப்பது அதில் பாதி லாபம்தான். வெல்டிங் சூட்டில் விரியப் பார்த்து, துளைக்குள் இடமில்லாமல் நசுங்கிய தண்டு, ஆறும்போது முன்பைவிடச் சற்றே சுருங்கிப் பிடியை விடும். எக்ஸ்ட்ராக்டர் என்ற இடதுமுறுக்குக் கருவியை நான் சிபாரிசு செய்யத் தயங்குவேன். துளை போட்டு அதைச் செருகித் திருகும்போது அதுவே உள்ளே ஒடிந்தால், ட்ரில்லும் இறங்காத கடினமான எஃகு அடைத்துக்கொள்ளும்.

அந்த நிலைமைக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது, சலூன் கடை அலமாரியில்: படிகாரம். பித்தளைத் தகட்டில் ஒடிந்து நின்ற எஃகுத் திருகை எடுக்க, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் அந்தத் தகட்டைப் படிகாரக் கரைசலில் ஊறப்போடுவார்கள். படிகாரம் தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலமாகும். எஃகை அது குமிழி விட்டுக் கரைக்கும், பித்தளையைத் தொடாது. அலுமினியமும், மேலேயுள்ள ஆக்சைடு படலத்தின் புண்ணியத்தால், பெரும்பாலும் தப்பிவிடும். கரைசலைச் சூடாக வைத்திருந்தால் வேகம் கூடும், இருந்தாலும் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். கார்புரேட்டர் உடல் போன்ற சின்னப் பாகத்துக்கு இது சரி. முழு இன்ஜினை அண்டாவில் போட முடியாது, அதற்கு லேத் பட்டறைதான் கதி. அங்கே துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே இறக்கித் தருவார்கள். அலுமினிய மரையைவிட அது உறுதியாகவே இருக்கும்.

திருப்பிப் பூட்டும்போது கிரீஸைத் தண்டில் மெல்லிசாகத் தடவினால் துருவும் மாவும் அண்டாது (பசை போட வேண்டிய பிரேக் டிஸ்க் போல்ட்டில் இது கூடவே கூடாது). ஆனால் கிரீஸ் பட்டதும் உராய்வின் பங்கு சரிந்துவிடும், இறுக்கும் அளவை ஐந்தில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும். உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன அதே 10 நியூட்டன் மீட்டரில் இதையும் இறுக்கினால், உராய்வு தின்னாமல் விட்டதெல்லாம் நீட்டலுக்குப் போய், அலுமினிய மரையே பிடுங்கிக்கொண்டு வரக்கூடும்.